கண்டிக்கு வந்த ஆயி பட்டணம்

டீச்சர்,

இன்று காலை மகன் அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே கொம்பியூட்டருக்கு ஒரு புதிய திரை. அகலம் என்றால் உம்முடைய வகுப்புக் கரும்பலகையில் பாதி வரும். பெட்டியைக் கிழித்ததும் ரெஜிபோம் வெள்ளைத் தக்கையும் புது வயரும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியது. ஏறியதுதான் தாமதம், "டீச்சர், ஓடி வாரும்" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதபடியால் மானம் தப்பியது.

நீர் போய் இத்தனை வருடமாகியும் நல்லது ஏதும் நடந்தால் உம்மிடம் சொல்லத்தான் வாய் பரபரக்கிறது. துக்கத்தைச் சொல்ல எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் புளுகம் என்போமே, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். அடுப்பில் சோறு இருக்கிறது, கருகினால் கருகட்டும்.

நம்முடைய வேதாகம மென்பொருளின் புதிய பதிப்பை இந்தத் திரையில் போட்டிருக்கிறேன். நீர் பார்க்க வேண்டும்! ஒரு கட்டத்தைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தால் அது தானே அளவெடுத்துக்கொண்டு போய் உட்காருகிறது. தமிழ் ஒரு பக்கம், சிங்களம் மறுபக்கம், ஆங்கிலம் நடுவில், தேசப்படம் கீழே, நம்முடைய குறிப்புகளுக்குத் தனி இடம். ஒன்று மற்றதன் தலையில் ஏறுவதில்லை. அடுக்கியதை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால் போதும், அடுத்த முறை அந்தப் பெயரைத் தட்டியதும் எல்லாம் வைத்தது வைத்தபடி வருகிறது. அந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய புதினம். இந்த ஒரு வசதி அந்தக் காலத்தில் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை நமக்கு அப்படி விடிந்திருக்காது.

நான் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் படவரைஞர் வேலைக்கு வந்து சேர்ந்த புதிதில்தான் உம்மைக் கண்டேன். தண்ணீர்க் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் வரைபடம் கீறுவது என் பிழைப்பு. நீர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, டவுனில் கணக்கு டீச்சராக இருந்தீர். ஒரே சபை, ஒரே கட்டடம். காலையில் சிங்கள ஆராதனை, அது முடிந்து கதிரைகள் சூடு ஆறுவதற்குள் நம்முடைய தமிழ் ஆராதனை. முதல் நாளே நான் உம்மை நீர் என்று சொல்ல, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர். எங்கள் ஊரில் மரியாதையும் உரிமையும் சேர்ந்த சொல் அது என்று விளக்கிய பிறகுதான் சிரித்தீர்.

"ஜெபத்துலதான்க்கா நீர், உம்மை எல்லாம். கர்த்தரக் கூப்பிடற மாதிரி என்னையக் கூப்பிட்டா நான் எப்படித் திரும்பிப் பாக்கிறது?"

இருந்தாலும் நான் மாற்றவில்லை, நீரும் பழகிக்கொண்டீர்.

நம்முடைய வேதாகம மென்பொருள் முதலில் இருந்த அந்தக் கொம்பியூட்டர் வந்த கதையும் யுத்தத்தின் கதைதான். சபைக்கு ஊழியம் செய்ய வந்த வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று நாட்டு நிலைமைக்குப் பயந்து பாதியில் புறப்பட்டது. பிள்ளைகளின் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, கூடவே கொம்பியூட்டரும் சபைக்கு என்று விட்டுவிட்டுப் போனார்கள். சபை அலுவலகத்தில் அதற்குப் பூ வேலை செய்த துணியால் போர்வை போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் துணியை எடுக்கவே யாருக்கும் துணிவு இல்லை. பெண்கள் வேதப்படிப்புக்கு நாம் இருவரும் பொறுப்பு என்றானபோது, நான்தான் போதகரிடம் கேட்டுத் துணியை எடுத்தேன். அலுவலகத்தில் வரைபடத்துக்குக் கொம்பியூட்டர் பழகியிருந்தபடியால் எனக்கு அந்தத் தைரியம்.

வேர்க்ஸ்பேஸ் என்றால் என்ன என்று உமக்கு விளக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. திரையில் அடுக்கிய கட்டங்களைப் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம், பிறகு இன்னொன்றைத் திறக்கலாம், முதலாவது கலையாமல் இருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல நீர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர். பிறகு உம்முடைய கண் விரிந்தது.

"அப்ப இது மேசைக்கா. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மேசை."

உம்முடைய வீட்டில் ஒரே ஒரு மேசை. அதிலேதான் சாப்பாடு, அதிலேதான் உடுப்பு அயர்ன் பண்ணுவது, அதிலேதான் கணக்குக் கொப்பி திருத்துவது. ஒன்று முடிந்து மற்றது தொடங்க, எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் போட வேண்டும். நீர் பிறந்த லயத்து அறையில் அந்த ஒரு மேசைகூட இல்லை என்று சொல்லியிருந்தீர். இங்கே என்றால் ரோமர் நிருபத்துக்கு ஒரு மேசை, சங்கீதத்துக்கு ஒரு மேசை, ரூத்துக்கு ஒன்று. ஒன்றையும் அள்ளிக் கொட்டத் தேவையில்லை. அன்று நீர் அடைந்த சந்தோஷத்தில் பாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. வேதப்படிப்பு தொடங்க இன்னும் எத்தனையோ நாள் இருக்க, மேசை போடுவதற்காகவே சனிக்கிழமைகளில் ஓடி வந்தோம்.

மவுஸை மட்டும் நீர் தொடமாட்டீர். அதைத் தொட்டால் எதுவோ அழிந்து போகும் என்று உமக்கு ஒரு பயம். பள்ளிக்கூடத்தில் கோடு போடும் அடிமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்று, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, அதை மேலே ஏத்துங்க என்று திரையில் தட்டித் தட்டிச் சொல்வீர். வசனத்தை வாசிப்பதும் நீர், எது பக்கத்தில் எது வர வேண்டும் என்று தீர்மானிப்பதும் நீர். கை மட்டும் என்னுடையது. கட்டங்களை ஒன்றோடொன்று கோர்க்கலாம் என்று கண்டுபிடித்த அன்று நாம் போட்ட ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆங்கில வசனத்தை நகர்த்த, தமிழ் தானாக அதே வசனத்துக்கு வந்து நின்றது. நீர் அடிமட்டத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தீர்.

யோசுவாவின் புத்தகத்தை எடுக்கலாம் என்று நீர்தான் சொன்னீர். பெண்களுக்கு எப்போதும் ரூத்தும் எஸ்தரும்தானா, யுத்தம் படித்தால் என்ன என்பது உம்முடைய வாதம். எரிகோ நன்றாகப் போனது. மதில் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்தது ஆயி என்ற பட்டணம், அங்கேதான் சிக்கல். முதல் தடவை இஸ்ரவேலர் கொஞ்சப் பேராகப் போய் அடி வாங்கித் திரும்புகிறார்கள். இரண்டாம் தடவை யோசுவா தந்திரம் செய்கிறார். பட்டணத்துக்கும் பெத்தேலுக்கும் நடுவே மேற்கில் ஒரு படையை ஒளித்து வைக்கிறார். தானோ வடக்கே பள்ளத்தாக்குக்கு அப்பால் வந்து நின்று, தோற்றவர் போல ஓடுகிறார். பட்டணத்தார் எல்லோரும் துரத்திக்கொண்டு வெளியே வர, ஒளிந்திருந்தவர்கள் உள்ளே புகுந்து நெருப்பு வைக்கிறார்கள். எந்தப் பக்கம் மேற்கு, யார் எங்கே ஓடினார்கள் என்று நம்முடைய பெண்களுக்குப் பிடிபடவே இல்லை. இந்த ஆயி எங்கிட்டு இருக்கு என்று ஒருவர் கேட்க, நீர் யோசித்தீர். உம்முடைய யோசனைகள் எல்லாம் ஆபத்தானவை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆயியைக் கண்டி டவுனாக வைத்துக்கொள்வோம் என்றீர். பெத்தேல் பேராதனை. இரண்டுக்கும் நடுவே படை ஒளிந்தது ஹந்தானை. வடக்கே பள்ளத்தாக்கு என்றால் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி. கச்சிதமாகப் பொருந்தியது! எனக்கும் உற்சாகம் தாளவில்லை. ஹந்தானை மலையை மேடு பள்ளக் கோடுகளோடு, ஆற்றை வளைவு வளைவாக, வீதிகளை அளவுப் பிரமாணத்தோடு கொம்பியூட்டரிலேயே கீறினேன். எங்கே ஒளிப்பது, எந்த வழியாக ஓடுவது, எந்த இடத்தில் நெருப்பு வைப்பது என்று சிவப்பு அம்புக்குறி போட்டேன். வேலையில் நான் கீறிய எந்தக் குழாய்ப் படமும் அவ்வளவு அழகாக வந்ததில்லை. அதை வசனங்களுக்குப் பக்கத்தில் வைத்து மேசையைச் சேமித்தோம். அந்தப் பழைய மென்பொருள் பெயரில் தமிழ் எழுத்தை ஏற்காது, வெறும் சதுரங்களாகக் காட்டும். அதனால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நீர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: ஆயி அட்டாக் பிளான் இரண்டு.

யுத்த காலம். எங்கோ குண்டு வெடித்த கிழமை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று அடையாள அட்டையில் உள்ள ஒருத்தி, கண்டி நகரத்தைத் தாக்குவதற்கு அளவுப் பிரமாணத்தோடு படம் கீறி, அதற்கு அந்தப் பெயரும் வைத்திருக்கிறாள். அதில் ஏதும் கோளாறு இருக்கிறது என்று நமக்குத் துளியும் படவில்லை. நாம் அந்த அளவுக்கு யோசுவாவோடு இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் சபை இருந்த ஒழுங்கைத் தெருவை வளைத்து இராணுவச் சோதனை. வீடு வீடாக வந்தவர்கள் சபை வளவுக்குள்ளும் வந்தார்கள். ஓர் இளம் அதிகாரியும் துவக்கோடு இரண்டு சிப்பாய்களும். அதிகாரி வாசல் விரிப்பில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார், அது எனக்கு நல்ல ஞாபகம். அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினோம். பாட்டுப் புத்தகங்கள், திருவிருந்துக் கிண்ணங்கள். அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தோம். என்னுடையதை அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு திரும்பியவர், நாம் திறந்து வைத்திருந்த ஆயி மேசையைத் திரையில் கண்டார்.

அவர் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அட்டாக். பிளான். அதன்பின் படத்துக்குப் போனார். கண்டி. ஹந்தானை. கட்டுகஸ்தோட்டை. சிவப்பு அம்புக்குறிகள். அவசரகாலச் சட்டத்தில் கொண்டு போனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே வீட்டுக்குத் தெரியாத காலம். என்னுடைய மகன் பக்கத்து வீட்டில் இருந்தான். அவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இரண்டாவது திட்டம் என்றால் முதலாவது எங்கே என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நீர்தான் பதில் சொன்னீர், அதுவும் ஒரு மாணவனுக்கு விடை சொல்லுவதைப் போல, நல்ல சிங்களத்தில்.

"அது தோத்துப் போச்சு சார்."

உண்மைதான், வேதத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த நேரத்தில், அந்த ஆளிடம், அந்த முகத்தோடு அதைச் சொல்ல உம்மால்தான் முடியும். சிப்பாய்களில் ஒருவர் துவக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

இதை யார் கீறியது என்பது அடுத்த கேள்வி. நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்தச் சொல்லாவது இருந்தது. "மம" என்றேன். அதே கணத்தில் நீரும் "மம" என்றீர். டீச்சர், நேராகக் கோடு போட அடிமட்டம் இருந்தும் கோணலாகப் போடும் ஆள் நீர். உம்முடைய அட்டையில் கண்டி என்று இருக்கிறது, என்னுடையதில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தை அரை நொடியில் கணக்குப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றீர். அதற்கு நான் உமக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வந்தபோதெல்லாம் நீர் பேச்சை மாற்றினீர். இப்போது மாற்ற முடியாதே, கேளும். நன்றி. பெரிய நன்றி.

இரண்டு பேரும் தானே கீறியதாகச் சொன்னதும் அதிகாரிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. திரையில் இருந்ததை எல்லாம் மூடச் சொன்னார். பிறகு உம்மைக் கதிரையில் இருத்தி, முதலிலிருந்து செய்து காட்டு என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக நீர் மவுஸைத் தொட்டீர். திரையில் அம்பு ஒரு மூலைக்கு ஓடிப் போய் அங்கேயே நின்றது. நீர் மவுஸைத் தூக்கிப் பார்த்தீர், தட்டிப் பார்த்தீர். பிறகு அதை மெல்ல மேசையில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தீர்.

"கை அவங்களோடது சார், வாய் என்னோடது. ரெண்டும் சேந்தாத்தான் படம் வரும். உக்காருங்க, காட்டுறோம்."

உட்காரச் சொன்னீரே, அதில்தான் எல்லாம் திரும்பியது என்று நினைக்கிறேன். அவர் உட்கார்ந்தார். நான் மவுஸை எடுத்தேன். நீர் அடிமட்டத்தை எடுத்தீர். வழக்கம் போலத் தொடங்கினோம். நீர் வசனத்தை வாசித்து உடனே சிங்களத்தில் அவருக்குச் சொன்னீர். நான் தமிழை இடப்பக்கம் வைத்தேன், ஆங்கிலத்தை வலப்பக்கம் வைத்தேன், இரண்டையும் கோர்த்தேன். பிறகு மென்பொருளோடு வந்த பலஸ்தீனத் தேசப்படத்தைத் திறந்து நடுவில் வைத்தேன். ஆயி, பெத்தேல், நடுவில் மலை, வடக்கில் பள்ளத்தாக்கு. அதற்குக் கீழே நான் கீறிய கண்டி. இரண்டும் ஒரே அச்சு. எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பெண்கள், பலஸ்தீனத்தை அவர்கள் எங்கே கண்டார்கள், ஹந்தானை என்றால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள் என்று நீர் சொன்னீர். அதிகாரி ஆங்கில வசனத்தைத் தானே வாசிக்கத் தொடங்கினார். நான் நகர்த்த நகர்த்த அவர் பின்னாலேயே வந்தார்.

அதன்பின் நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. அந்த மனிதருக்குக் கதை பிடித்துக்கொண்டது! கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். ஒளிந்திருந்தவர்கள் எப்போது போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டார். முந்தின இரவே என்றதும் தலையை ஆட்டினார். பட்டணத்தின் கதவைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் துரத்திக்கொண்டு போனது மடத்தனம் என்று கோபப்பட்டார். தேசப்படத்தைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்க, நான் காட்டிக் கொடுத்தேன். அவரே மவுஸை வாங்கிக் கட்டத்தை அகலமாக்கினார். ஹந்தானையில் படையை ஒளிக்க முடியாது என்றார். உடனே நீர், நான் அங்கே பிறந்தவள், லயத்து நாய்கள் ஒரு பூனையைக்கூட விடாது என்றீர். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்றார் அவர். சிப்பாய்கள் இருவரும் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு மேலால் ஒரு குதூகலம் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறகு அவர் நெருப்பு வைத்த இடத்துக்கு வந்தார். புகையைக் கண்டு பட்டணத்தார் திரும்பிப் பார்க்கிறார்கள், முன்னும் பின்னும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவருடைய விரல் என்னுடைய படத்தில் கண்டி என்று எழுதிய இடத்தில் இருந்தது. நாம் வகுப்புக்கு என்று அடுக்கியது அத்தோடு முடிந்தது. அவருக்கு முடியவில்லை.

"ஊருக்குள் இருந்த சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

நான் வசனத்தைக் கீழே நகர்த்தினேன். தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக இறங்கி ஒரே வசனத்தில் வந்து நின்றன. நீர் அதை வாசித்தீர், பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னீர். ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பெண்களுமா என்று அவர் கேட்டார். பெண்களும்தான் என்றீர். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலைக் கொஞ்சம் நகர்த்தி, கண்டிக் குளத்துக்குப் பக்கமாக ஓர் இடத்தில் வைத்தார்.

"எங்கள் அம்மாவின் வீடு இந்த இடத்தில். ஒளிந்தவனைப் போட்டிருக்கிறீர்கள், ஓடினவனைப் போட்டிருக்கிறீர்கள், நெருப்பையும் போட்டிருக்கிறீர்கள். சனத்தைப் போடவில்லையே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குற்றம் பிடிக்கவும் இல்லை. வரைபடத்தில் ஒரு பிழையைக் காட்டுவது போலச் சொன்னார். அவர் எந்தப் போர்முனையிலிருந்து வந்திருந்தார், எதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்று நமக்குத் தெரியாது. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். இந்தப் பெயரை உடனே மாற்றுங்கள், அடுத்து வருகிறவர் உட்கார்ந்து கதை கேட்க மாட்டார் என்று உம்மிடம் சொன்னார். என்னுடைய அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர்களுடைய வாகனம் ஒழுங்கை தாண்டும்வரை நாம் அசையவில்லை. பிறகு நான் உம்மைக் கதிரையில் பிடித்து இருத்தி, பிளேன்டி ஊற்றிக் கொண்டுவந்தேன். பாதியைக் குடித்தீர். முதலாவது தோத்துப் போச்சு சார் என்று நான் உம்மைப் போலச் சொல்லிக் காட்ட, மீதித் தேநீர் மூக்கால் வந்தது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த நீர் திடீரென்று அழுதீர். நான் எத்தனையோ வருடமாக உம்மைத் தெரிந்தவள், அன்றுதான் நீர் அழுது பார்த்தேன்.

"இம்புட்டு நாளா இதையே படிக்கிறோம்க்கா. துவக்கோட வந்தவரு கேட்டாரு. நாம கேக்கலையே."

உண்மையைச் சொன்னால், அந்த வசனம் நம்முடைய திரையில் எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. அம்புக்குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன். நீரோ மேற்கு எது வடக்கு எது என்று பார்த்தீர். யுத்தத்துக்குள்ளேயே இருந்துகொண்டு யுத்தத்தை அப்படிப் படித்தோம்.

பழைய மேசையை அன்றே அழித்தோம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடிமட்டத்தை எடுத்த நீர், புதிதாக ஒன்று போடுங்கள் என்றீர். ஆங்கில எழுத்தில் சனம் என்று மட்டும் பெயர். அதே கண்டி, அதே ஹந்தானை, அதே ஆறு. சிவப்பு ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஆயியின் அந்த வசனம், அதற்குக் கீழே அழுகையின் சங்கீதம் ஒன்று. வகுப்பில் பெண்களிடம் நீர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: இதில் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள்? ஒருவரும் ஹந்தானைக்குப் பின்னால் போகவில்லை. ஒருவரும் யோசுவாவோடு ஓடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வந்து திரையில் தங்கள் வீட்டைக் காட்டினார்கள், நான் அந்த இடத்தில் ஒரு புள்ளி போட்டேன். கலவரத்தில் வீடு எரிந்தவர் ஒருவர், எரிந்த வீட்டைப் போடவா, இப்போது இருக்கும் வீட்டைப் போடவா என்று கேட்டார். இரண்டையும் போட்டேன். அன்று அந்த அறையில் பேசியவர்கள் அதற்கு முன் ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை. மழை பெய்தும் நேரம் போயும் ஒருவரும் எழும்பவில்லை. நம்முடைய வேதப்படிப்பு அன்றுதான் தொடங்கியது என்று பிறகு நீரே சொன்னீர்.

எல்லோரும் போன பிறகு குளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி போடச் சொன்னீர். அந்த அதிகாரியின் அம்மாவுக்கு.

அந்த மேசை இன்னும் என்னிடம் இருக்கிறது டீச்சர். கொம்பியூட்டர் மாறியது, மென்பொருள் எத்தனையோ தரம் மாறியது, ஒவ்வொரு முறையும் அதை மட்டும் பத்திரமாக இறக்கி ஏற்றுகிறேன். கடைசிக் காலத்தில் நீர் ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, நியாயாதிபதிகளின் புத்தகத்தை எடுக்கும்போது அந்த மாதிரி ஒன்றைப் போட மறக்க வேண்டாம் என்று எனக்கு உத்தரவு போட்டீர். போட்டேன். சாமுவேலுக்கும் போட்டேன். இராஜாக்களுக்கும் போட்டேன். இப்போது வகுப்பில் இருப்பவர்கள் யுத்தம் முடிந்து பிறந்தவர்கள். ஏன் அன்ரி முதலில் வீடுகளைப் போடுகிறீர்கள், படை எங்கே என்று கேட்கிறார்கள். படை வரும், பொறுங்கள் என்கிறேன். முதலில் ஊருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம், அதற்குப் பிறகு அம்புக்குறி போடுவோம்.